தலைமை மையத்தில், பணி களத்தில்: பல கொள்கலன் கொத்துகளை ஓரிடத்திலிருந்து ஆளும் முறை

வங்கிக் கிளையில் வரிசையில் நின்று, நம் முறை வரும் வேளையில் “லிங்க் இல்லை, சற்றுப் பொறுங்கள்” என்ற சொல்லைக் கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. பேரேடுகள் கிளையிலேயே இருந்த காலத்தில் இத்தடை எழவில்லை. 1984ஆம் ஆண்டு டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளின் கணினிமயமாக்கலுக்கு வழிகாட்டியது. அதன் தொடர்ச்சியாக, பிற்காலத்தில் கோர் பேங்கிங் எனப்படும் மைய வங்கியியல் முறை வந்தது. கிளைதோறும் பிரிந்து கிடந்த பேரேடுகள் ஒரே மையத்தில் சேர்ந்தன. ஒரு கிளையின் வாடிக்கையாளராக இருந்தவர் வங்கி முழுவதற்கும் வாடிக்கையாளரானார். அவ்வசதியோடு கூடவே, மையத்தோடு உள்ள இணைப்பை நம்பி நிற்கும் நிலையும் வந்து சேர்ந்தது.

அதை ஒத்த மாற்றம் ஒன்று இப்போது பெரிய நிறுவனங்களின் கணினி மையங்களுக்குள் நிகழ்ந்து வருகிறது. கைபேசிச் செயலி, யுபிஐ, இணையவழிக் கடன் விண்ணப்பம் போன்ற புதிய சேவைகள் பலவும் ‘கொள்கலன் கொத்து’களில் இயங்குகின்றன. இதுவரை ஒவ்வொரு கொத்துக்கும் அதனதன் இடத்திலேயே தனித் தலைமை இருந்தது. இனி அத்தலைமைகள் அனைத்தையும் ஒரு மையத்தில் அமர்த்தி ஆளலாம் என்பது புதிய முறை. அப்படியானால், அந்த மையம் தடுமாறும் நாளில் எல்லாச் சேவைகளும் ஒருசேர நின்றுவிடாவா? வாடிக்கையாளருக்கு எழும் இந்த நியாயமான கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். தகவல் தொழில்நுட்ப அதிகாரி தேர்வுக்குப் பயிலும் இளைஞர்களுக்கும் இது பயன்படும்.

கொள்கலனும் கொத்தும்

ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணை நிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டி, எந்தக் கணினியில் வைத்தாலும் ஒரே விதமாக இயங்கச் செய்யும் முறைக்குக் கொள்கலன் முறை என்று பெயர். துறைமுகத்தில் கிரேன், பெட்டிக்குள் இருப்பது துணியா இயந்திரமா என்று பார்ப்பதில்லை. பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும், தூக்கி வைத்துவிடும். கணினி உலகின் கொள்கலனும் அத்தகையதே. 2013இல் டாக்கர் என்னும் திறமூல மென்பொருள் வெளிவந்த பின் இம்முறை விரைந்து பரவியது.

கொள்கலன்கள் பத்து என்றால் மனிதர் கவனித்துக்கொள்ளலாம். ஆனால் யுபிஐ வழிப் பரிமாற்றங்களின் எண்ணிக்கை 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடியைக் கடந்தது. சம்பள நாளிலும் பண்டிகை நாளிலும் சுமை திடீரென ஏறும், இரவில் இறங்கும். அதற்கேற்ப ஆயிரக்கணக்கான கொள்கலன்களைப் பெருக்கவும் குறைக்கவும் பழுதானவற்றை மாற்றவும் ஒரு தானியங்கி ஆட்சிமுறை வேண்டும். அதற்காக கூகுள் நிறுவனம் 2014இல் திறமூலமாக வெளியிட்டதே குபர்நெட்டீஸ். மீகாமன், அதாவது கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. 2015இல் அதன் 1.0 பதிப்பு வெளியானது. அதைப் பேணும் பொறுப்பு கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

குபர்நெட்டீஸின் ஆட்சியில் ஒன்றாக இயங்கும் கணினிகளின் குழுவே கொத்து. தொழிலில் இதைக் கிளஸ்டர் என்பர். கொத்தில் இருவகைக் கணினிகள் உண்டு. கொள்கலன்களை இயக்குபவை பணிக் கணினிகள். அவற்றுக்கு ஆணையிடும் பகுதி கட்டுப்பாட்டுத் தளம். தொழிலில் கன்ட்ரோல் பிளேன் எனப்படும் இதனையே இங்குத் தலைமை என்று குறிக்கிறோம்.

தலைமையின் நான்கு உறுப்புகள்

முதல் உறுப்பு ஏபிஐ சர்வர். இது கிளையின் முகப்பு மேசை போன்றது. எந்த ஆணையும் எந்த விசாரணையும் இதன் வழியாகவே செல்ல வேண்டும். வந்தவர் யார், அவருக்கு இதைக் கேட்கும் அதிகாரம் உண்டா என்பதையும் இதுவே சோதிக்கும்.

இரண்டாவது எட்சிடி. இது கொத்தின் பேரேடு. எத்தனை கொள்கலன்கள் இயங்க வேண்டும், எவை எங்கே இயங்குகின்றன, கடவுச்சொற்கள் எவை என்ற பதிவுகள் யாவும் இங்கேதான் உள்ளன. இதை இழந்தால் கொத்தின் நினைவே இழக்கப்படும்.

மூன்றாவது ஷெட்யூலர். புதிய கொள்கலனை எந்தக் கணினியில் வைப்பது என்பதை முடிவு செய்வது இதன் வேலை.

நான்காவது கன்ட்ரோலர் மேனேஜர். மாலையில் காசாளர் பேரேட்டு இருப்பையும் கையிருப்பையும் ஒப்பிடுவதுபோல, இது இடையறாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நான்கு கொள்கலன்கள் இயங்க வேண்டும் என்று பேரேடு சொல்ல, மூன்றே இயங்கினால், நான்காவதை உருவாக்கச் செய்யும்.

பணிக் கணினி ஒவ்வொன்றிலும் குபெலெட் என்னும் முகவர் இருக்கிறது. தலைமையின் ஆணையைப் பெற்று நிறைவேற்றுவதும், இயல்பு அமைப்பில் 10 வினாடிக்கு ஒருமுறை ‘நலமாக இருக்கிறேன்’ என்று தெரிவிப்பதும் அதன் கடமை.

எட்சிடியின் ஒரு விதியை இங்கு மனத்தில் பதிக்க வேண்டும். பேரேட்டின் படி ஒன்றே ஒன்றாக இருந்தால் அழியும் அபாயம் உண்டு. எனவே பல படிகள் வைக்கப்படுகின்றன. பெரும்பான்மைப் படிகள் ஒப்புக்கொண்ட பின்னரே ஒரு பதிவு செல்லுபடியாகும். மூன்று படிகள் இருந்தால் இரண்டின் ஒப்புதல் வேண்டும். ஒன்று பழுதானாலும் பணி நடக்கும். ஐந்து இருந்தால் மூன்றின் ஒப்புதல் வேண்டும். இரண்டு பழுதானாலும் நடக்கும். நான்கு வைத்தாலோ பெரும்பான்மைக்கு மூன்று தேவை. ஆகவே மூன்று படிகளைப் போலவே அதுவும் ஒரு பழுதை மட்டுமே தாங்கும். ஒற்றைப்படை எண்ணைத் தேர்வதன் காரணம் இதுதான்.

கொத்துகள் பெருகும்போது

ஒரே பெரிய கொத்தில் எல்லாவற்றையும் இயக்கினால் என்ன? ஒரு கொத்தில் 5,000 பணிக் கணினிகள் வரை ஏற்கும்படி குபர்நெட்டீஸ் வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் நிறுவனங்கள் கொத்துகளைப் பிரித்தே வைக்கின்றன. பணப் பரிமாற்றச் சேவையும் ஊழியர் விடுப்பு விண்ணப்பமும் ஒரே கொத்தில் இருக்கலாகாது. பின்னதில் நேர்ந்த பிழை முன்னதைப் பாதிக்கும். சோதனைக்கு ஒன்று, பயன்பாட்டுக்கு ஒன்று, முதன்மை மையத்துக்கு ஒன்று, பேரிடர் மீட்பு மையத்துக்கு ஒன்று எனக் கொத்துகள் பெருகுகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு வங்கிக்கு 40 கொத்துகள் உள்ளன என்று கொள்வோம். பழைய முறையில் ஒவ்வொரு கொத்தின் தலைமைக்கும் 3 கணினிகள் வேண்டும். ஆக, சேவை எதையும் நேரடியாக இயக்காத தலைமைக் கணினிகளே 120. செலவோடு இது முடிவதில்லை. குபர்நெட்டீஸ் ஆண்டுக்கு மூன்று புதிய பதிப்புகளை வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 14 மாதங்களே ஆதரவு. எனவே 40 தலைமைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மேம்படுத்தியாக வேண்டும். நாற்பதில் ஒன்று விடுபட்டுப் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டால், பாதுகாப்புத் துளை அங்கேதான் இருக்கும்.

தலைமையை மையத்தில் அமர்த்துதல்

புதிய முறையின் கருத்து எளிமையானது. தலைமையின் நான்கு உறுப்புகளும் மென்பொருள்களே. அவற்றுக்குத் தனிக் கணினிகள் ஏன்? அவற்றையும் கொள்கலன்களாகக் கட்டி, வேறொரு கொத்தில் இயக்கலாம். அவ்வாறு தலைமைகளுக்கு இடமளிக்கும் கொத்தை மேலாண்மைக் கொத்து என்கிறோம்.

முன்சொன்ன வங்கி, மேலாண்மைக் கொத்துகள் இரண்டை அமைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் அதன் சொந்தத் தலைமைக்கு 3, பிற தலைமைகளைத் தாங்க 9 என 12 கணினிகள். இரண்டுக்கும் சேர்த்து 24. ஒவ்வொன்றும் 20 கொத்துகளின் தலைமைகளைத் தாங்கும். 120 இருந்த இடத்தில் 24 போதுமானதாகிறது. இது விளக்கத்துக்கான கணக்கு; சுமையைப் பொறுத்து எண்கள் மாறும். புதிய கொத்து வேண்டுமானால் தலைமைக்கெனக் கணினி வாங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. சில கொள்கலன்களை இயக்கினால் தலைமை உருவாகிவிடும்.

ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட கார்டனர் இவ்வழியில் அமைந்தது. அதில் தலைமைகளைத் தாங்கும் கொத்துக்கு ‘விதை’ என்றும், அதனால் ஆளப்படும் கொத்துக்குத் ‘தளிர்’ என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள் இடப்பட்டுள்ளன. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஹைப்பர்ஷிஃப்ட், திறமூலத் திட்டமான காமாஜி ஆகியவையும் இதே வழியில் செல்பவை.

ஒவ்வொரு கொத்தின் தலைமைக் கொள்கலன்களும் மேலாண்மைக் கொத்துக்குள் தனித்தனிப் பிரிவில் வைக்கப்படும். கார்டனரிலும் ஹைப்பர்ஷிஃப்டிலும் ஒவ்வொரு கொத்துக்கும் தனி எட்சிடி உண்டு. ஒரே கட்டடத்தில் பல அலுவலகங்கள் இயங்கினாலும் ஒவ்வொன்றின் பேரேடும் வேறுவேறு பெட்டகத்தில் இருப்பது போன்றது இது.

பணிக் கணினிகள் தொலைவில் இருப்பதால் இணைப்பின் திசையும் முக்கியம். மையத்திலிருந்து ஒவ்வொரு களத்துக்குள்ளும் நுழைய வழி திறந்துவிட்டால், அவ்வழியே பிறரும் நுழைய முயல்வர். எனவே பணிக் கணினிகளே மையத்தை நோக்கி இணைப்பைத் தொடங்குகின்றன. மையம் ஏதேனும் கேட்க வேண்டுமானால், கனெக்டிவிட்டி என்னும் மென்பொருள் வழியாக, களம் ஏற்கெனவே திறந்துவைத்த அந்த இணைப்பிலேயே கேட்கிறது. களத்தின் வாயில் உள்ளிருந்து மட்டுமே திறக்கும்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்?

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். மைய வங்கியியலில் பேரேடு மையத்தில் உள்ளது; இணைப்பு அறுந்தால் கிளையின் பணியும் நிற்கும். கொள்கலன் கொத்தில் மையத்துக்குச் செல்வது ஆணையிடும் பொறுப்பே. சேவையை இயக்கும் கொள்கலன்கள் களத்திலேயே உள்ளன. எனவே தலைமை மௌனமானாலும், இயங்கிக்கொண்டிருக்கும் கொள்கலன்கள் தொடர்ந்து இயங்கும். ஒரு கொள்கலன் தானாக நின்றுபோனால், அக்கணினியின் குபெலெட் அதை அங்கேயே மீண்டும் தொடங்கும். தேநீர்க் கடையில் கியூஆர் குறியீட்டை வருடி நிற்பவருக்கு அந்நேரத்தில் எந்த வேறுபாடும் தெரியாதிருக்கலாம்.

ஆனால் மூன்று இழப்புகள் உண்டு. முதலாவது, சுமை ஏறினால் கொள்கலன்கள் பெருகா. இரண்டாவது, ஒரு பணிக் கணினி முழுதாகப் பழுதானால், அதிலிருந்த கொள்கலன்களை வேறிடத்தில் தொடங்க ஆணையிட எவருமில்லை. மூன்றாவது, கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் பட்டியல் புதுப்பிக்கப்படாது. இல்லாத கொள்கலனுக்கும் கோரிக்கை சென்று திரும்பக்கூடும். தலைமையில்லாத கொத்து உடனே விழுவதில்லை. ஆனால் காயம்பட்டால் ஆறும் திறனை இழந்து நிற்கிறது. ஆகவே இயல்பு நாளில் தேவைப்படுவதைவிடச் சில கொள்கலன்களை மிகுதியாகவும், அவற்றைப் பல கணினிகளில் பரப்பியும் வைத்திருப்பதே பாதுகாப்பு.

இன்னொரு நுட்பமும் உண்டு. தலைமை நலமாக இருக்க, இடைப்பட்ட இணைப்பு மட்டும் அறுந்தால், தலைமையின் கண்ணுக்கு எல்லாப் பணிக் கணினிகளும் இறந்துபோனதாகத் தோன்றும். இயல்பு அமைப்பில் 40 முதல் 50 வினாடிகள் வரை செய்தி வராத கணினியை அது ஐயத்துக்குரியதாகக் குறிக்கும். அதன்பின் ஐந்து நிமிடங்கள் கடந்தால் அதன் கொள்கலன்களை விலக்க முற்படும். நலமாக இயங்கும் சேவையை இவ்வாறு தவறாக விலக்கினால் பெருந்தீங்கு. இதற்கு குபர்நெட்டீஸிலேயே ஒரு காப்பு விதி உள்ளது. எல்லா மண்டலங்களின் எல்லாக் கணினிகளும் ஒருசேர மௌனமானால், பழுது இணைப்பில்தான் இருக்க வேண்டும் என்று கருதி, எதையும் விலக்காமல் தலைமை காத்திருக்கும். சில கணினிகள் மட்டும் மௌனமானால் இவ்விதி உதவாது. எனவே களத்துக்கும் மையத்துக்கும் இடையே வெவ்வேறு வழித்தடங்களில் இரண்டு இணைப்புகளேனும் இருத்தல் வேண்டும்.

பேரிடர் நாளின் தலைமை எங்கே இருக்க வேண்டும்?

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இது. முதன்மைக் கணினி மையம் மும்பையிலும் பேரிடர் மீட்பு மையம் ஹைதராபாத்திலும் உள்ள ஒரு வங்கியை எண்ணிக்கொள்வோம். சிக்கனம் கருதி, ஹைதராபாத்தில் உள்ள கொத்துகளின் தலைமைகளையும் மும்பையின் மேலாண்மைக் கொத்திலேயே அமர்த்திவிட்டார்கள். இயல்பு நாள்களில் எக்குறையும் தென்படாது. எல்லாக் கொத்துகளும் ஒரே திரையில் பச்சை நிறத்தில் ஒளிரும்.

ஒருநாள் மும்பை மையம் வெள்ளத்தாலோ மின்பழுதாலோ செயலிழக்கிறது. ஹைதராபாத்தின் பணிக் கணினிகள் நலமாகவே உள்ளன. ஆனால் காத்திருப்பு நிலையில் சிறிய அளவில் இயங்கிய சேவையை இப்போது முழு அளவுக்குப் பெருக்க வேண்டும். பெருக்க ஆணையிட வேண்டிய தலைமையோ மும்பையில் மூழ்கிக் கிடக்கிறது. எந்த நாளுக்காக மீட்பு மையம் கட்டப்பட்டதோ, அந்த நாளில் அது கைகட்டி நிற்கும்.

இரு நகரங்களுக்கும் பொதுவாக ஒரே எட்சிடியைப் பரப்பினாலும் தீர்வு கிடைக்காது. மூன்று படிகளில் இரண்டு மும்பையிலும் ஒன்று ஹைதராபாத்திலும் இருந்தால், மும்பை வீழும்போது பெரும்பான்மையும் வீழ்கிறது. எஞ்சிய ஒரு படி எதையும் பதிய மறுக்கும். ஆகவே விதி இதுதான்: ஒரு மையத்தின் தலைமை, அது எதற்கு மாற்றாக நிற்கிறதோ அந்த மையத்தில் இருத்தலாகாது. முன்சொன்ன கணக்கில் மேலாண்மைக் கொத்துகளை ஒன்றாக்காமல் இரண்டாக வைத்ததன் காரணம் இதுவே. மும்பையின் 20 தலைமைகள் மும்பையில். ஹைதராபாத்தின் 20 தலைமைகள் ஹைதராபாத்தில். ஒவ்வொரு நகரிலும் மூன்று படிகளையும் மின்சாரமும் குளிரூட்டலும் தனித்தனியாக உள்ள மூன்று கூடங்களில் பிரித்து வைக்க இயன்றால் மேலும் நன்று.

இந்திய ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுமை நெறிமுறைகள், முக்கியமான அமைப்புகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் பேரிடர் மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்கின்றன. காப்புப் படிகளை அவ்வப்போது மீட்டெடுத்துச் சோதிக்கவும் அவை வலியுறுத்துகின்றன. மேலாண்மைக் கொத்து வைத்திருப்போர் தம் ஒத்திகையில் ஒரு படியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: சேவையை நிறுத்திப் பார்ப்பதோடு, மேலாண்மைக் கொத்தையே நிறுத்திப் பார்த்தல். எட்சிடியின் காப்புப் படி அதே மேலாண்மைக் கொத்தில் கிடந்தால் அது காப்பு ஆகாது. பெட்டகத்தின் மாற்றுச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு ஒப்பாகும்.

மேம்படுத்தலில் நிதானம்

தலைமையும் பணிக் கணினிகளும் பிரிந்திருப்பதால் அவற்றைத் தனித்தனியே மேம்படுத்தலாம். முதலில் தலைமை, பின்னர் பணிக் கணினிகள் என்பதே வரிசை. 1.28 பதிப்பு முதல் குபெலெட், ஏபிஐ சர்வரைவிட மூன்று பதிப்புகள் வரை பின்தங்கியிருக்கலாம். ஆகவே பண்டிகைக் காலத்தில் பணிக் கணினிகளைத் தொடாமல், சுமை குறைந்த வாரத்துக்கு அவ்வேலையைத் தள்ளிவைக்க இடமுண்டு.

இங்கே ஓர் ஆசை தலைகாட்டும். எல்லாத் தலைமைகளும் ஓரிடத்தில் இருப்பதால், ஒரே ஆணையில் நாற்பதையும் மேம்படுத்திவிடலாம் என்று தோன்றும். நன்மையை நாற்பது இடங்களுக்கு நொடியில் கொண்டுசெல்லும் வழி, பிழையையும் அதே வேகத்தில் கொண்டுசெல்லும். எனவே படிப்படியாகச் செல்ல வேண்டும். முதலில் சோதனைக் கொத்துகள். சில நாள் கண்காணிப்பு. பிறகு உள் அலுவலகச் சேவைகள். இறுதியில் பணப் பரிமாற்றக் கொத்துகள். மும்பை, ஹைதராபாத் இரண்டையும் ஒரே நாளில் தொடலாகாது.

சாவி எவரிடம்?

மேலாண்மைக் கொத்தின் முழு அதிகாரம் பெற்றவர், அதில் அமர்ந்துள்ள இருபது தலைமைகளின் பேரேடுகளையும் எட்டக்கூடியவர் ஆகிறார். பணப் பெட்டகத்தின் இரு சாவிகளை இரு அலுவலர் வைத்திருப்பதும், ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்ப்பதும் வங்கியில் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தை இங்கும் கொண்டுவர வேண்டும். மேலாண்மைக் கொத்தில் எந்த மாற்றமும் ஒருவர் எழுத, மற்றொருவர் ஒப்பிய பின்னரே நடைபெறட்டும். எட்சிடியில் உள்ள இரகசியங்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கட்டும். சேவைகளை எழுதும் குழுவினருக்குத் தத்தம் கொத்தின் ஏபிஐ சர்வர் மட்டுமே தெரியட்டும்.

ஒரே இடத்தைப் பல தலைமைகள் பகிர்வதால் இடநெருக்கடியும் எழும். ஒரு கொத்தில் பிழையான நிரல் ஓயாது கேள்விகளைத் தொடுத்தால், அதன் ஏபிஐ சர்வர் நினைவகத்தை விழுங்கி, பக்கத்துத் தலைமைகளை மூச்சுத்திணறச் செய்யும். ஒவ்வொரு தலைமைக்கும் நினைவக வரம்பு விதித்தலும், பணப் பரிமாற்றக் கொத்துகளின் தலைமைகளுக்குத் தனிக் கணினிகளை ஒதுக்குதலும் இதற்குத் தீர்வு.

தன்மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள்

1. எட்சிடியின் ஏழு படிகளில் எத்தனை பழுதானாலும் பணி நடக்கும்?
விடை: பெரும்பான்மைக்கு நான்கு வேண்டும்; எனவே மூன்று பழுதுகளைத் தாங்கும்.

2. மேலாண்மைக் கொத்து நின்றிருக்கும் வேளையில் களத்தில் ஒரு பணிக் கணினி பழுதாகிறது. அதிலிருந்த கொள்கலன்கள் வேறு கணினிக்கு மாறுமா?
விடை: தலைமை மீளும்வரை மாறா. முன்கூட்டியே பல கணினிகளில் பரப்பி வைத்த படிகளே சேவையைக் காக்கும்.

3. ஒரு நிறுவனத்தின் எல்லாத் தலைமைகளும் முதன்மை மையத்தில் உள்ளன. முதலில் மாற்ற வேண்டியது எது?
விடை: மீட்பு மையத்தின் தலைமைகளை மீட்பு மையத்துக்கே கொண்டுசெல்லுதல்.

வாடிக்கையாளராகிய நாம் இக்கொத்துகளை ஒருபோதும் காணப்போவதில்லை. ஆயினும் மருத்துவமனை முகப்பில் நின்று பணம் செலுத்தும் ஒருவருக்கு, அந்த நொடியில் பரிமாற்றம் நிறைவேறுவதே வேண்டும். மேலாண்மையை ஓரிடத்தில் குவிப்பது சிக்கனமும் ஒழுங்கும் தரும். அந்த ஓரிடம் இல்லாத நாளையும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்த நிறுவனமே அச்சிக்கனத்துக்கு உரிமை பெற்றது.